வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது? கைப்பேசிப் படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைப்பேசிக் கேமராவைத் தொழிலுக்கும் படிப்புக்கும் கலைக்கும் பயன்படுத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தரப்படுகிறது. கேட்டவர்களின் ஊரும் பணியும் மட்டும் குறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் நிற்கிறது. வில்லேந்திய வீரனின் உருவத்துக்கு மேலே சில வரிகள் எழுத்து இருப்பது விரலால் தடவிப் பார்த்தால் தெரிகிறது. கைப்பேசியில் எடுத்தால் கல் மட்டும்தான் வருகிறது, எழுத்து வருவதில்லை. விலை உயர்ந்த கேமரா வாங்கினால்தான் முடியுமா?
(வரலாற்று மாணவர், செங்கம்)

பதில்: உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியே போதும். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல பல்லவர் காலத்தவை. அவற்றில் உள்ள வட்டெழுத்துகள் (வளைவுகள் மிகுந்த பழைய தமிழ் எழுத்து வகை) ஆழமில்லாமல் வெட்டப்பட்டவை. மழையிலும் வெயிலிலும் நூற்றாண்டுக் கணக்கில் தேய்ந்தவை. ஆழமில்லாத வெட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அந்த வெட்டுக்குள் நிழல் விழ வேண்டும். வெளிச்சம் கல்லுக்கு நேர் எதிரே இருந்து வந்தால் மேடும் பள்ளமும் ஒரே அளவு ஒளி பெற்றுவிடும், நிழலுக்கு இடமே இருக்காது. கைப்பேசியின் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே அமைந்திருப்பதால் அது செய்யும் கெடுதலும் இதுதான். ஆகவே முதல் வேலையாக ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, கல் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்று பாருங்கள். கிழக்கு நோக்கிய கல்லுக்குக் காலை வெயில் நேர் எதிரே விழும். வீரனின் உருவத்துக்கு அது அழகு சேர்க்கும், எழுத்துக்கு உதவாது. உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு, வெயில் கல்லின் தலைப்பக்கமிருந்து அதன் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும் சிறிது நேரம்தான் நீங்கள் காத்திருக்க வேண்டிய நேரம். மேற்கு நோக்கிய கல்லுக்கு உச்சி சாய்ந்தவுடன் அதே நிலை வரும். தெற்கு நோக்கிய கல்லென்றால் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெயில் கிடைக்கும். மர நிழலில் நிற்கும் கல்லுக்கும், வடக்கு நோக்கிய கல்லுக்கும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுசெல்லுங்கள். நண்பர் ஒருவர் வெயிலில் நின்று, கண்ணாடியில் பட்ட ஒளியைக் கல்லின் பக்கவாட்டில் சாய்வாகத் திருப்பிவிட்டால், அதுவரை வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் வரிசையாக எழுந்து வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இதைவிடச் சிறந்த வழி, இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்குடன் செல்வது. கைப்பேசியை முக்காலியில், கல்லுக்கு நேராக, சாயாமல் நிறுத்துங்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும் என்பதால் சற்றுப் பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது. திரையில் எழுத்துள்ள இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவும்) மாறாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு 3 விநாடி டைமரை வைத்து, டார்ச்சை முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், மேலே, கீழே என்று கல்லின் பரப்போடு ஒட்டிய சாய்வில் பிடித்து ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் எடுங்கள். இடமிருந்து வரும் ஒளியில் செங்குத்துக் கோடுகள் தெளியும், படுக்கைக் கோடுகள் மறையும். மேலிருந்து வரும் ஒளியில் இது தலைகீழாகும். எனவே ஒரே படத்தை நம்பி எழுத்தைப் படிக்கக் கூடாது. பல திசை ஒளியில் எடுத்த படங்களை ஒன்றாக இணைத்து, கணினித் திரையில் விளக்கை விரும்பிய பக்கம் நகர்த்திப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிப்படை. கல்வெட்டு, பழைய நாணயம், களிமண் பலகை ஆகியவற்றைப் படிக்க உலகெங்கும் அது பயன்படுகிறது.

படத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்கட்டும். முழுக் கல்லுக்கு ஒரு படமும், எழுத்துப் பகுதிக்கு ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு பொருந்துமாறு பல படங்களும் எடுங்கள். செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கூர்மையூட்டும் வசதியை மிகையாகப் பயன்படுத்தினால் கல்லின் இயற்கையான கீறல்கள்கூட எழுத்துப்போல் தோன்றத் தொடங்கும். வட்டெழுத்தில் ஒரு சிறு வளைவு ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக்கிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மூலப் படத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத்து தெரிவதற்காகச் சாக்குக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். வேறு யாராவது செய்யக் கண்டாலும் தடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற எழுத்தை ஒரு பிற்பகலில் இழந்துவிட முடியும். முறையான மைப்படி (எழுத்தை மையிட்டுத் தாளில் படியெடுப்பது) எடுப்பது பயிற்சி பெற்ற கல்வெட்டாய்வாளர்களின் வேலை. உங்கள் படங்களை இருப்பிடக் குறிப்போடு தொல்லியல் துறைக்கு அனுப்பினால் அவர்கள் வந்து படியெடுக்க அது வழி செய்யும்.

கேள்வி: 50 மெகாபிக்சல் கைப்பேசி என்னிடம் இருக்கிறது. 200 மெகாபிக்சல் வாங்கினால் படம் நான்கு மடங்கு தெளிவாக இருக்குமா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: இருக்காது. 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமான நிலையில் நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஏறத்தாழ 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 200 மெகாபிக்சல் கேமரா பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து அதே 12.5ஐத் தருகிறது. ஏ4 அளவில் மிகத் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே போதும். ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் பரப்பளவும் லென்ஸின் தரமும்தான் வேறுபாட்டைத் தருகின்றன; வாங்கும் முன் அவற்றைக் கேளுங்கள். அதற்கு முன் இப்போதிருக்கும் கைப்பேசியின் லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விரல் படிந்த எண்ணெய்ப் பிசுக்குதான் பல மங்கலான படங்களுக்குக் காரணம்.

கேள்வி: வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் மூலம் புடவை விற்கிறேன். வாடாமல்லி நிறம் நீலமாகவும், அரக்கு நிறம் பழுப்பாகவும் படத்தில் வருகின்றன. “படத்தில் பார்த்த நிறம் வேறு” என்று வாடிக்கையாளர்கள் புடவையைத் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
(புடவை விற்பனையாளர், இளம்பிள்ளை)

பதில்: இது உங்கள் பிழையும் அன்று, வாடிக்கையாளரின் பிழையும் அன்று. கேமரா தானாக எடுக்கும் மூன்று முடிவுகள் உங்கள் புடவைக்குப் பொருந்தாமல் போவதால் வரும் சிக்கல் இது. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக உங்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலாவது, ஒயிட் பேலன்ஸ். விளக்கொளி மஞ்சளா, வானத்து ஒளி நீலமா என்று கேமராவுக்கு நேராகத் தெரியாது. கண்முன் உள்ள காட்சியின் நிறங்களை எல்லாம் வைத்து அது ஊகிக்கிறது. படச்சட்டம் முழுவதையும் ஒரு சிவப்புப் புடவை அடைத்துக்கொண்டால், அறையின் வெளிச்சமே சிவப்பு என்று எண்ணிச் சிவப்பைக் குறைத்துவிடுகிறது. அரக்கு பழுப்பாவது இப்படித்தான். அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய கேமராவின் புரோ நிலைக்குச் சென்று ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்துங்கள். வெயில் நேராகப் படாத, வானம் தெரியும் திண்ணை அல்லது ஜன்னலோரமாக இருந்தால் 6500 கெல்வினில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) தொடங்கிச் சிறிது ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். புரோ நிலை இல்லாத கைப்பேசியாக இருந்தால், ஒளிப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் புடவையின் ஓரத்தில் வைத்து எடுங்கள். ஸ்னாப்சீட் செயலியின் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் உள்ள நிறம் தொடும் கருவியால் அந்த அட்டையைத் தொட்டால் மற்ற நிறங்கள் தம் இடத்துக்கு வந்துவிடும். பிறகு அட்டையை வெட்டிவிடலாம்.

இரண்டாவது, வெளிச்சத்தின் அளவு. எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே கேமரா முயலும். அதனால்தான் வெள்ளை வேட்டியைத் தனியே எடுத்தால் அழுக்காகவும், கறுப்புப் புடவையைத் தனியே எடுத்தால் வெளிறியும் தெரிகின்றன. திரையைத் தொட்டவுடன் தோன்றும் சூரியக் குறியை வெள்ளைத் துணிக்குச் சற்று மேலே ஏற்றுங்கள். கறுப்புக்கும், சரிகை மிகுந்த முந்தானைக்கும் கீழே இறக்குங்கள். சரிகை வெள்ளைத் திட்டாக வெளுத்துப்போனால் எந்தச் செயலியாலும் அந்த வேலைப்பாட்டை மீட்க முடியாது.

மூன்றாவது, காட்சியை இன்னதென்று அறிந்து நிறத்தைத் தானாகவே தூக்கிக் காட்டும் வசதி. பல கைப்பேசிகளில் இது முன்கூட்டியே இயங்கும் நிலையில் வருகிறது. அதை அணையுங்கள், எல்லா ஃபில்டர்களையும் நீக்குங்கள்.

அறையில் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சம் அல்லது விளக்கு, இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டும் கலந்தால் புடவையின் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறுபாதி வேறு நிறத்திலும் வரும். மலிவான எல்இடி விளக்குகளில் அடர் சிவப்பு ஒளி போதிய அளவு இருப்பதில்லை. பெட்டியின்மேல் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90க்கு மேல் என்று அச்சிட்ட விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

வாடாமல்லியின் நிலை தனி. அந்த அடர்ந்த ஊதாச் சிவப்பு, பெரும்பாலான திரைகள் காட்டக்கூடிய நிற எல்லைக்கு வெளியே நிற்கிறது. நீங்கள் எவ்வளவு சரியாக எடுத்தாலும் வாங்குபவரின் திரை தனக்கு முடிந்த அருகிலுள்ள நிறத்தையே காட்டும். மயில்கழுத்து நிறத்துக்கும் ஒரு படம் போதாது: பாவு (நீள இழை) ஒரு நிறமும் ஊடை (குறுக்கு இழை) வேறு நிறமுமாக நெய்யப்பட்டது, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறத்தான் செய்யும். இவ்விரண்டுக்கும் புடவையின் மடிப்பை மெதுவாகச் சாய்த்துக் காட்டும் ஒரு சிறு வீடியோவை அனுப்புங்கள். கூடவே எல்லோரும் நிறம் அறிந்த ஒரு பொருளை, ஒரு வெற்றிலையையோ மஞ்சள் கிழங்கையோ, புடவைமேல் வைத்து ஒரு படமும் எடுங்கள். வாங்குபவர் தம் திரையில் வெற்றிலை எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் புடவையின் நிறத்தை மதிப்பிட்டுக்கொள்வார். நிறத்தின் பெயரைத் தமிழில் எழுதிவிடுவதும் நல்லது. ராமர் பச்சை என்று எழுதினால் நம் பெண்களுக்கு அது எந்தப் பச்சை என்று திரையைப் பார்க்காமலே தெரியும்.

கேள்வி: கோயில் சிற்பங்களைக் கைப்பேசியில் எடுக்கத் தடை உள்ளதா?
(வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. பக்தர்களின் வழிபாட்டு அமைதிக்காக வந்த அந்த உத்தரவை மதிப்பதே முறை. சிற்பம் எடுத்துப் பழக விரும்பினால் மாமல்லபுரம் செல்லுங்கள். அருச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது; காலை ஒளி முழுதாக விழுந்து, பிறகு வெயில் ஏற ஏற உருவங்களின் கீழே நிழல் கூடுவதைப் பொறுமையாக நின்று பார்க்கலாம். முக்காலிக்கு மத்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

கேள்வி: என் பாட்டனார் 1930களில் ரங்கூனில் எடுத்துக்கொண்ட குடும்பப் படம் ஒன்றும், அவருடைய கையெழுத்துக் குறிப்பேடும் எங்களிடம் உள்ளன. படம் மங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து முகங்களைத் தெளிவாக்கி, வண்ணமும் சேர்த்துப் பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: முதலில் படத்தையும் குறிப்பேட்டையும் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

படத்தை ஜன்னலுக்கு அருகில், வெயில் படாத இடத்தில் கிடத்தி, கைப்பேசியை அதற்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படமானால் உங்கள் உருவமும் கைப்பேசியும் கண்ணாடியில் தெரியும்; ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு, அதன் வழியாக எடுத்தால் அந்தப் பிரதிபலிப்பு நீங்கும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்தெடுக்க முயலாதீர்கள், மேற்பூச்சு உரிந்துவிடும். பின்பக்கத்தைப் பார்க்க முடிந்தால் அதையும் எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும், யாரோ எழுதிய ஒரு வரியும் பல சமயம் முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

இனி, முகங்களைத் தெளிவாக்கும் செயலியைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குழுப் படத்தில் ஒருவர் முகம் நகத்தின் அளவே இருக்கும். அதில் இல்லாத கண்ணிமையையும் உதட்டு வளைவையும் செயலி எங்கிருந்தும் மீட்பதில்லை. தான் முன்பு பயின்ற எண்ணற்ற வேற்று முகங்களைக் கொண்டு நிரப்புகிறது. விளைவு பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அது உங்கள் பாட்டனார் அல்லர். அவரை நேரில் பார்த்திராத பேரக்குழந்தைகள் அந்த முகத்தையே அவர் முகம் என்று மனத்தில் பதித்துக்கொள்வார்கள். வண்ணம் சேர்ப்பதில் இன்னொரு பொறி உண்டு. அக்காலத்தில் பரவலாக வழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் வகை ஃபிலிமும் கண்ணாடித் தகடும் சிவப்பொளியை உணராதவை. நெற்றியில் குங்குமம் இட்டிருந்தால் அது கறுப்புப் பொட்டாகவும், அரக்குச் சேலை கறுப்புச் சேலையாகவும், நீலம் ஏறத்தாழ வெள்ளையாகவும் பதிந்திருக்கும். அந்தச் சாம்பல் அளவுகளை வைத்து ஒரு செயலி ஊகிக்கும் நிறத்தில் எவ்வளவு உண்மை இருக்கும்? கீறல் நீக்குவது, மங்கலைத் தெளிவிக்க கான்ட்ராஸ்டைக் கூட்டுவது ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். வண்ணப்படம் கட்டாயம் வேண்டும் என்றால், அதன் அடியிலேயே “நிறமும் முகத்தின் நுணுக்கமும் கணினியின் கற்பனை” என்று பதித்து, மூலப் படத்தோடு சேர்த்தே கொடுங்கள்.

குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக எடுத்து வரிசை எண்ணிட்டு வையுங்கள். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பெரும்பாலும் சரியாகப் படித்துத் தட்டச்சு வடிவில் தருகிறது. கையெழுத்தில் அந்த அளவு வெற்றி கிடைப்பதில்லை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட பழைய ணா, றா, னா, லை, னை போன்ற வடிவங்களிலும் அது தடுமாறும். ஆசிரியராக இருந்த நீங்களே படித்துத் தட்டச்சு செய்வதுதான் நம்பகமானது. படத்தில் இருப்பவர்கள் யார் யார், என்ன உறவு என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றையாவது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் துண்டுத்தாள்களும்தான் 1994 முதல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக இயங்கிவருகின்றன. பர்மா வாழ்க்கை பற்றிய குறிப்பேடு அத்தகைய நூலகங்களுக்கும் பயன்படும்; மூலத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் படங்களின் பிரதியைக் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் அறிவியல் ஆய்வகக் கருவிகள் குறைவு. கைப்பேசியில் மாணவர்களுக்கு வீடியோ காட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?
(அரசுப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: கைப்பேசியை அளக்கும் கருவியாக்குங்கள். அதற்குள் முடுக்கம், காந்தப்புலம், ஒலி, ஒளி ஆகியவற்றை உணரும் சென்சார்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி அவற்றின் அளவீடுகளை வரைபடமாகக் காட்டுகிறது. அதில் உள்ள ஒலி நிறுத்துக் கடிகாரம் முதல் ஓசையில் தொடங்கி அடுத்த ஓசையில் நிற்கும்.

ஆனால் என் முதல் பரிந்துரை ஸ்லோ மோஷன் வீடியோ. விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி ஒன்று போதும். சுவரில் மேலிருந்து கீழாக ஓர் அளவு நாடாவை ஒட்டி, அதன் முன் ஒரு கிரிக்கெட் பந்தை மேல் முனையிலிருந்து நழுவவிட்டு எடுங்கள். கணினியில் விஎல்சி செயலியில் திறந்து ஆங்கில எழுத்து ஈ உள்ள விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு படம் நகரும். 24 படங்கள் நகர்ந்தால் 0.1 விநாடி. பந்து கையை விட்ட படத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், 0.1 விநாடியில் 4.9 செ.மீ., 0.2இல் 19.6, 0.3இல் 44.1, 0.4இல் 78.4, 0.5இல் 122.5 செ.மீ. என்ற அளவுகளுக்கு அருகில் மாணவர்கள் குறித்திருப்பார்கள். இப்போது ஒவ்வொரு இடைவெளியிலும் பந்து கடந்த தொலைவைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 4.9, 14.7, 24.5, 34.3, 44.1. இவற்றை 4.9ஆல் வகுத்தால் 1, 3, 5, 7, 9. சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டி கலிலியோ கண்ட ஒற்றைப்படை எண் விதியை உங்கள் மாணவர்கள் சுவரோரம் நின்று தாங்களே காண்கிறார்கள். பாடநூலின் சமன்பாட்டை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதுங்கள்.

சில முன்னெச்சரிக்கைகள் தேவை. சில கைப்பேசிகள் விநாடிக்கு 120 படம் மட்டும் எடுத்துவிட்டு இடையிலுள்ள படங்களைத் தாமே உருவாக்கி 240 என்று கணக்குக் காட்டுகின்றன. இன்னொரு கைப்பேசியில் ஓடும் நிறுத்துக் கடிகாரத்தைப் படம்பிடித்து, 240 படங்களில் அது ஒரு விநாடி நகர்கிறதா என்றும், அடுத்தடுத்த படங்களில் எண்கள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிகின்றனவா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சரிபார்ப்பும் பாடத்தின் ஒரு பகுதிதான். வகுப்பறை டியூப் லைட்டில் எடுக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. அது படத்தில் பட்டைகளாகத் தெரியும். வெளியே வெயிலில் எடுத்தால் சிக்கல் இல்லை.

உயிரியலுக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் காகிதத்தை மடித்து உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கியைப் பாருங்கள். 140 மடங்கு பெரிதாக்கும் அதைக் கைப்பேசியின் லென்ஸோடு இணைத்து, வெங்காயத் தோலின் செல்களை வகுப்பு முழுவதும் திரையில் பார்க்கலாம். செடி, பூச்சிகளை அடையாளம் காண ஐநேச்சுரலிஸ்ட் செயலி உதவும். அது முதலில் தருவது ஊகம் மட்டுமே என்பதால், பெயரை ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு உறுதிசெய்யும் வேலையை மாணவர்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு வயது பதினொன்று. நன்றாக வரைவாள். இப்போது வரைவதை விட்டுவிட்டு, செயலியில் சொற்களைக் கொடுத்துப் படங்களை வரவழைத்துக்கொண்டிருக்கிறாள். தடுப்பதா, விடுவதா?
(இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

பதில்: தடுக்க வேண்டியதில்லை, வரும் படங்களைச் சரிபார்க்கும் வேலையை அவளிடம் ஒப்படையுங்கள். நாதஸ்வரம் வாசிப்பவர் படம் ஒன்றை அவள் வரவழைக்கட்டும். விரல் வைக்கும் துளைகள் ஏழு இருக்கின்றனவா, அனசு (அடியில் உள்ள புனல் போன்ற பகுதி) எப்படி இருக்கிறது, சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) உதட்டில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று கோயிலில் வாசிப்பவரைப் பார்த்துவந்து ஒப்பிடட்டும். புள்ளிக் கோலம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கட்டும். புள்ளிகள் வரிசை தவறியிருப்பதையும், சிக்குக் கோலத்தின் இழை எங்கோ அறுந்து நிற்பதையும் அவளே கண்டுபிடிப்பாள். அவள் கை அதைவிடச் சரியாகப் போடும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கைப்பேசியிலேயே அவள் கைக்கு வேலை தரும் கருவிகளும் உள்ளன. ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலியைக் கொண்டு, கோலம் தானாகப் போட்டுக்கொள்வதுபோல ஒரு சிறு படம் செய்யச் சொல்லுங்கள். கைப்பேசியை உயரத்தில் அசையாமல் கட்டி, ஒவ்வொரு சிறு இழையை இழுத்ததும் விலகி நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் 10 விநாடிப் படத்துக்கு 120 படங்கள். மேகம் வந்து போகும்போது கேமரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்தால் முடிந்த படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிய பிறகே தொடங்க வேண்டும். வரையவும் ஆசை இருந்தால் கைப்பேசிக்கு ஐபிஸ்பெயின்ட், கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா ஆகியவை நல்லவை. கோலத்தை முடித்தவுடன் உங்களிடம் ஓடிவந்து காட்டுவாள். முழுவதும் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் ஏன் தெளிவிழக்கின்றன?
(ஒளிப்பட ஆர்வலர், பட்டுக்கோட்டை)

பதில்: விரைவாகச் செல்வதற்காக வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. எச்டி என்னும் தெரிவு சுருக்கத்தைக் குறைக்கும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் படம் சிறிதும் மாறாமல் செல்லும். இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் அச்சகத்துக்கும் அனுப்பும்போது அந்த வழியையே பயன்படுத்துங்கள். ஆனால் டாக்குமென்ட்டாக அனுப்பினால், எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவற்றோடு, கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடமும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து செல்லும். முதல் கேள்வியைக் கேட்ட செங்கம் மாணவருக்கு அந்த இடக் குறிப்பு அவசியம். வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களை அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பும்போது அது கூடாது. கேமரா அமைப்புகளுக்குள் சென்று இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.